அடுப்பு திறக்கும் வால்ட்ஸ்

முதல் வயலின்காரர்களைப் பற்றி எழுத வியன்னாவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் மீசை, அவர்கள் காதல், அவர்கள் கோபம் எல்லாம் பேப்பரில் வந்துவிடும். நான் சொல்லப்போகும் கயெத்தான் ஹ்ருஷ்கா இரண்டாம் வயலின். அவன் செத்தபோது ஒரு வரி கூட வரவில்லை. ரொட்டிக்காரர் சங்கத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் என்றால் அதை அனுப்பிய முதலாளியின் முகத்திலேயே தூக்கி எறிந்திருப்பான்.

நான் பிளாசியஸ். அதே பேண்டில் டபுள் பாஸ் வாசித்தவன். ஆளைவிட உயரமான அந்த வாத்தியத்தைப் பனியில் முதுகில் சுமந்துகொண்டு லிஷ்டென்டால் தெருக்களில் எத்தனை வருஷம் நடந்திருக்கிறேன். குதிரை டிராமில் ஏற்றிக்கொள்ள மாட்டான். பிணப்பெட்டிக்கு இடமில்லை என்று கண்டக்டர் கிண்டல் செய்வான். வயலின்காரன் மட்டும் கைக்குட்டை மாதிரி தன் பெட்டியை இடுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவான். எனக்கு அதில் இன்றைக்கும் வயிற்றெரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

ஜோடி ஜோடியாகச் சுற்றி ஆடும் வால்ட்ஸுக்கு மூன்று தட்டு. முதல் தட்டு பாஸுடையது, அதாவது என்னுடையது. இரண்டும் மூன்றும் இரண்டாம் வயலினுக்கு. நான் 'தும்' என்பேன், கயெத்தான் 'ச, ச' என்பான். இதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கச் செய்தோம். பாட்டு என்று ஜனங்கள் தெருவில் விசிலடித்துக்கொண்டு போகிறார்களே, அது எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அது வில்ஃபிங் மாஸ்டருடையது. மாஸ்டர் பேண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜனங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நின்றபடி முதல் வயலின் வாசிப்பார்.

ஆனால் ஒரு விஷயம். எழுதிய தாளில் மூன்று தட்டும் சமமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் யாரும் அப்படி வாசிப்பதில்லை. இரண்டாவது ஒரு மயிரிழை முந்தி வந்துவிட வேண்டும், மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு வர வேண்டும். அந்த முந்தலும் தாமதமும்தான் ஆடுகிறவர்களைத் தரையிலிருந்து தூக்குகிறது. அது இல்லாவிட்டால் வால்ட்ஸ் இல்லை, அந்த மூன்று தட்டில் பெர்லின்காரர்கள் படை நடத்தலாம். இந்த வித்தை கயெத்தானுக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை. பொம்மை வாங்கித் தருகிறேன் என்று ஏமாற்றி அவன் அப்பன் பன்னிரண்டு வயதில் கையில் வில்லைக் கொடுத்து உட்கார வைத்தான், அன்றிலிருந்து உட்கார்ந்தே இருந்தான்.

பகலில் அவன் தொழில் பொத்தான். சிப்பியைக் கடைந்து முத்துப் பொத்தான் செய்வான். அவன் கடைந்ததை அவன் மனைவி லோனி அட்டையில் வரிசையாகத் தைத்துக் கடைக்கு அனுப்புவாள். லோனி என்றால் அப்பொலோனியா. சலவைக்காரி மகள், அப்பனுக்குச் செங்கல் சூளையில் வேலை. வாய்க்கு வாய் பதில் சொல்வாள், ஆட்டம் என்றால் உயிர். வாத்தியக்காரனைக் கட்டிக்கொண்டால் வாழ்க்கை முழுக்க ஆட்டம்தான் என்று நினைத்துக் கயெத்தானைக் கட்டிக்கொண்டாள். வாத்தியக்காரன் பெண்டாட்டி விழாவுக்கு இலவசமாக உள்ளே போகலாம், உண்மை. ஆனால் புருஷன் மேடையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பான் என்பது அவளுக்குக் கல்யாணத்தன்றே புரிந்துவிட்டது.

அந்தக் கல்யாணத்தில் நாங்கள்தான் வாசித்தோம். மாப்பிள்ளை இரண்டாம் வயலின் என்பதால் இரண்டாம் வயலினுக்கு ஆள் இல்லை. முதல் வால்ட்ஸ் நொண்டியது. கயெத்தானால் பொறுக்க முடியவில்லை. பூச்செண்டைச் சட்டையில் குத்தியபடியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து வில்லை எடுத்துவிட்டான். மணப்பெண் மாப்பிள்ளைத் தோழனோடு ஆடினாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம், லோனியும் சிரித்தாள்.

அதற்குப் பிறகும் அப்படியேதான். கயெத்தான் ஒரு நாளும் ஆடியதில்லை, ஆடத் தெரியாது. ஊரே ஆடும் நேரத்திலெல்லாம் அவன் வாசித்துக்கொண்டிருந்தால் எப்போது கற்றுக்கொள்வது? லோனி ஊரோடு ஆடினாள். வண்டிக்காரன், குதிரைப்படைக்காரன், தையல்காரன், யார் கையை நீட்டினாலும் எழுந்துவிடுவாள். கயெத்தான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வரை கவலையில்லை என்பது அவன் கணக்கு. பிறகு ஒரு வருஷம் ஆள் மாறுவது நின்றுவிட்டது.

அந்த ஆள் கிலியன். தெருமுனை ரொட்டிக்கடை முதலாளி, மனைவியை இழந்தவர், நல்ல பருமன். இப்படிப்பட்டவர்கள் ஆடினால் தரை அதிரும் என்று நினைப்போம். கிலியன் ஆடினால் மாவு பொங்குவது போல மெத்தென்று இருக்கும். எனக்கே அவரைக் கண்டால் பொறாமை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு என் வாத்தியத்தை அவர் சுமந்திருக்கலாம்.

புது வருஷம் பிறந்து, நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் வருகிற வரை ஃபாஷிங் காலம், வியன்னாவில் எவனும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. வக்கீல்களுக்கு ஒரு நடன விழா, டாக்டர்களுக்கு ஒன்று, வண்டிக்காரர்களுக்கு ஒன்று, சலவைக்காரிகளுக்கு ஒன்று. ஒவ்வொரு சங்கமும் தன் விழாவுக்கென்று புதிதாக ஒரு வால்ட்ஸ் எழுதி வாங்கும். போன வருஷத்து வால்ட்ஸை வாசித்தால் மானம் போய்விடும். பெரிய சங்கங்கள் பெரிய பெயர்களிடம் போகும், லிஷ்டென்டால் ரொட்டிக்காரர்கள் வில்ஃபிங் மாஸ்டரிடம் வருவார்கள். அந்த வருஷம் சங்கத் தலைவர் கிலியன். வால்ட்ஸுக்குப் பெயரும் அவரே வைத்துவிட்டார், 'அடுப்பு திறக்கும் நேரம்'.

வால்ட்ஸ் என்றால் ஒரே பாட்டல்ல. முன்னால் ஒரு தொடக்கம், அப்புறம் ஐந்து குட்டி வால்ட்ஸ், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிப்பு. புது வால்ட்ஸை முதல் தடவை வாசிக்கும்போது முதல் நான்கையும் சங்கத் தலைவரும் அவர் அழைக்கிற பெண்ணும் மட்டும் ஆட வேண்டும். ஐந்தாவதில்தான் மற்றவர்கள் இறங்கலாம். ரொட்டிக்காரர்களிடம் இது ஒரு சட்டம் மாதிரி. தலைவர் யாரை அழைக்கிறார் என்பதை வைத்துத்தான் அந்த வருஷம் முழுக்கப் பேச்சு நடக்கும். கிலியன் லோனியை அழைத்தார்.

கயெத்தான் வீட்டில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை சூப் உண்டு. கல்யாணம் ஆகாதவன் என்று லோனி பாவப்பட்டு ஏற்படுத்திய வழக்கம். அந்த ஞாயிறு நான் போனபோது மேஜையில் ஒரு தட்டு கிப்ஃபெல் இருந்தது, பிறை வடிவத்தில், வெண்ணெய் மணத்தோடு. கயெத்தான் அதை விரலால் தள்ளினான்.

"இது யார் கடை?"

"தெருமுனைக் கடை. வேற எங்க வாங்குவேன்?" என்றாள் லோனி.

"வாங்கினது நாலு. தட்டுல ஏன் அஞ்சு இருக்கு?"

"அவர் ஒண்ணு சேத்துப் போட்டார். மூஞ்சில விட்டெறிஞ்சுட்டு வரணுமா?"

"வரணும்."

"பிளாசி, நீ சாப்பிடு. இவன் பட்டினி கிடக்கட்டும்."

நான் சாப்பிட்டேன். சொல்லக் கூடாது, அருமையான கிப்ஃபெல். அந்த மாதம் முழுக்கக் கயெத்தான் ஆற்றைத் தாண்டி எங்கேயோ ஒரு கடையில் கல் மாதிரி ரொட்டி வாங்கித் தின்றுகொண்டிருந்தான். லோனியின் சால்வை ஆணியில் தொங்கினால் எடுத்து மோந்து பார்ப்பான், ஈஸ்ட் வாசனை வருகிறதா என்று. ரொட்டி வாங்கப் போனவள் சால்வையில் ஈஸ்ட் வாசனை வராமல் ரோஜா வாசனையா வரும்? அவன் கடைந்த பொத்தான்களில் அந்த வாரம் ஓட்டையெல்லாம் ஒரு பக்கமாக விழுந்தது. கண்ணை மூடினால் கிலியன் கை தெரிகிறது என்றான் என்னிடம்.

லோனி ஒளித்து வைக்கிற ரகமில்லை. அந்த ஞாயிறே சூப்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"கிலியன் முதலாளி இன்னொண்ணும் கேட்டார். கடைக்கு மேல வீடு பெருசா கிடக்காம், பாத்துக்க ஆள் இல்லையாம். வந்து இருக்கியான்னு கேட்டார்."

எங்கள் பேட்டையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு தடவை நடந்த கல்யாணத்தை மாதா கோயில் அவிழ்க்காது. அதனால் வீடு மாற நினைக்கிறவள் 'வீட்டைப் பார்த்துக்கொள்ள' போவாள். மெத்தைகளை வண்டியில் ஏற்றும்போது தெருவே ஜன்னலில் நிற்கும். பிறகு பழகிவிடும். கயெத்தான் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு விழாவுல சொல்றேன்னேன்."

"ஏன் அங்க?"

"கடைல பத்து பொம்பளைங்க நிக்கறப்ப சொல்ற பதிலா அது?"

"யோசிக்க என்ன இருக்கு இதுல?"

"இருக்கே. கல்யாணம் ஆனதிலேருந்து நீ என்னை ஒரு கேள்வி கேட்டதில்ல. ஆடினியா, கால் வலிக்குதா, எவன் கூட ஆடின, ஒண்ணும் கிடையாது. இன்னிக்குத்தான் கிப்ஃபெல்லை எண்ணிப் பாத்துட்டு ரெண்டு கேள்வி கேட்டிருக்க. அதையாவது கொஞ்ச நாள் அனுபவிக்கிறேன்."

நான் தலையைத் தூக்காமல் சூப் குடித்தேன். அந்த மேஜையில் எனக்கு உப்புக்கூட யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அந்த வாரம் ஒத்திகை. மாஸ்டர் தாள்களைக் கொடுத்துவிட்டு, வில்லால் தட்டி நிறுத்தி, நாலாவது வால்ட்ஸைக் காட்டினார்.

"இது மெதுவா போகணும் பசங்களா. முதலாளி ஆர்டர். ஆடிக்கிட்டே காதுல ரெண்டு வார்த்தை பேசறதுக்கு மூச்சு வேணுமாம்."

கிளாரினெட்காரன் சிரித்தான். அப்புறம் கயெத்தான் இருப்பது நினைவு வந்து வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தான். எல்லோரும் திரும்பிக் கயெத்தானையே பார்த்தார்கள். அவன் வில்லை எடுத்தான். வாசித்தான், நன்றாகவே வாசித்தான். அந்த நாலாவது வால்ட்ஸ் ஒரு அழகான சாமான், பொய் சொல்ல மாட்டேன். மாஸ்டருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறை நல்ல பாட்டு வந்தது, அது இந்தத் தடியனுக்காக வந்ததே என்று எனக்கும் ஆத்திரமாக இருந்தது.

வெளியே வந்ததும் மதுக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அந்த நாலாவதுலதான் அவ பதில் சொல்லப் போறா. அதுக்குத்தான் மெதுவா எழுதி வாங்கியிருக்கான்."

"இருக்கட்டும். நீ என்ன பண்ண முடியும்?"

"நேரா வாசிக்கப் போறேன்."

"நேரான்னா?"

"தாள்ல எழுதியிருக்கே, அந்த மாதிரி."

மண்டபத்துக்குத் தீ வைக்கப்போகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு திக்கென்று இருந்திருக்காது. மூன்றையும் சமமாக வாசித்தால் அந்த மெதுவான வால்ட்ஸில் ஆடுகிறவன் காலில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். காதில் பேசுவதெல்லாம் நடக்காது, எந்தக் கால் எங்கே என்று பார்க்கவே நேரம் போதாது. வயோலாக்காரன் எப்போதும் கயெத்தான் வில்லைப் பார்த்தே வாசிக்கிறவன், அவனும் கூடவே நேராகிவிடுவான்.

"மாஸ்டர் உன்னைத் துரத்திடுவார்டா."

"துரத்தட்டும். ஊர் முன்னாடி அவன் தடுமாறணும். அவ அதைப் பாக்கணும்."

"அவளும் சேந்துதானே தடுமாறுவா?"

அதை அவன் காதில் வாங்கவில்லை. பொறாமை பிடித்தவனுக்கு எதிராளி ஒருத்தன்தான் கண்ணில் தெரிவான், பக்கத்தில் இருப்பவள் தெரியமாட்டாள்.

விழா 'நீல அன்னம்' மண்டபத்தில். ரொட்டிக்காரர்கள் செலவைப் பார்க்காதவர்கள். வாசலிலேயே கூடை கூடையாகக் கிராப்ஃபன் வைத்திருந்தார்கள், பொரித்த உருண்டை ரொட்டி, உள்ளே ஆப்ரிகாட் ஜாம், மேலே சர்க்கரைத் தூள். வந்த பெண்கள் எல்லோர் மூக்கிலும் வெள்ளை ஒட்டியிருந்தது. லோனி சாம்பல் நீலத்தில் ஒரு கவுன் போட்டிருந்தாள், இரவல் இல்லை, தானே தைத்தது. முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் முத்துப் பொத்தான். கயெத்தான் கடைந்ததிலேயே உயர்ந்த ரகம். கடைக்குப் போக வேண்டியதிலிருந்து அவள் எடுத்து வைத்துக்கொண்டது.

கிலியன் அவளை நடுவுக்கு அழைத்து வந்து, தன் பெரிய கையை அவள் முதுகில் வைத்தார். பொத்தான்கள் கைக்கு அடியில் மறைந்துவிட்டன. என் பக்கத்தில் கயெத்தான் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

தொடக்கம் முடிந்தது. முதல் வால்ட்ஸ், இரண்டாவது, மூன்றாவது. கயெத்தான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பெரிய தரையில் தனியாகச் சுற்றினார்கள். சுற்றியிருந்த ரொட்டிக்காரர்கள், பெண்டாட்டிகள், வேலைக்காரிகள் எல்லோரும் எக்கி எக்கிப் பார்த்தார்கள். லோனியை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. கயெத்தானுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். மூன்றாவது வால்ட்ஸில் கிலியன் அவள் காதருகே குனிந்தார், அவளும் ஏதோ சொன்னாள். கயெத்தான் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். மெதுவான வால்ட்ஸ் வரை காத்திருக்கக்கூட அவர்களுக்குப் பொறுமை இல்லை.

நாலாவது வந்தது. நான் என் தட்டை வழக்கமான இடத்தில் வைத்தேன். கயெத்தான் இரண்டையும் மூன்றையும் தாளில் இருந்தபடியே வைத்தான்.

மாஸ்டர் ஜனங்களைப் பார்த்தபடி நிற்கிறவர், திரும்ப முடியாது. சிரிப்பை மாற்றாமல் உதட்டோரத்தில், "எவன்டா அது, எவன்டா அது" என்று பல்லைக் கடித்துக்கொண்டே வாசித்தார். பாட்டு மேலே அழகாகப் போகிறது, அடியில் அது நடக்கிறது, ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு. கிலியன் பேச வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். ஒரு கால் சீக்கிரம் வந்துவிட்டது, இன்னொன்று வரவே இல்லை. லோனியின் பாவாடை ஓரத்தை மிதித்தார். ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், அப்புறம் இன்னும் சிலர். கிலியன் காது இரண்டும் சிவந்துவிட்டது. கயெத்தான் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

லோனி நின்றுவிட்டாள்.

ஊர் பார்க்கிறது, வாத்தியம் ஒலிக்கிறது, அவள் கிலியன் கையை எடுத்துவிட்டு எங்கள் மேடையை நோக்கி நடந்து வந்தாள். மேடை இடுப்பு உயரம்தான். கயெத்தானுக்கு எதிரே வந்து நின்றாள். நான் ஒரு கை தூரத்தில் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"எங்க போயிட்ட நீ?" என்றாள்.

"இங்கதான் இருக்கேன்." கயெத்தான் வில்லை நிறுத்தவில்லை.

"இல்ல. நீ இங்க இல்ல. நான் கால் எடுத்து வெக்கறேன், கீழ ஒண்ணுமே இல்ல. இத்தனை வருஷமா எவன் கையைப் பிடிச்சா என்ன, என்னைச் சுத்த வெச்சது உன் ரெண்டும் மூணும்தான். கல்யாணத்தன்னிக்கு நீ போய் நாற்காலில உக்காந்தியே, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து நான் வேற யார் கூடவும் ஆடினதில்ல. இவ்வளவு பேர் நடுவுல இன்னிக்கு என்னை விட்டுட்டுப் போயிட்ட."

கயெத்தான் வில் நின்றது.

"அவனுக்கு என்ன பதில் சொல்லப் போற?"

"மூணாவதுலயே சொல்லிட்டேன். வீட்டைப் பாத்துக்க வேற ஆள் பாருங்க முதலாளின்னு."

"அப்போ நாலாவதுல என்ன பேச வந்தான்?"

"புதுசா ஒரு அடுப்பு கட்டறாராம். செங்கல் எங்க நல்லா கிடைக்கும்னு எங்கப்பாவைக் கேக்கச் சொன்னார்." அவள் திரும்பினாள். "இப்ப ஒழுங்கா வாசி. அந்த மனுஷன் நடுவுல தனியா நிக்கறார் பாவம்."

அவள் திரும்பிப் போய் கிலியன் கையைத் தானே எடுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டாள். மாஸ்டர் என்ன நினைத்தாரோ, எதுவுமே நடக்காத மாதிரி நாலாவதை முதலிலிருந்து எடுத்தார். கயெத்தான் வாசித்தான். முகம் நனைந்திருந்தது, துடைக்கக் கை இல்லை. அந்த இரண்டாவது தட்டு அவ்வளவு முந்தி வந்து, மூன்றாவது அவ்வளவு தயங்கி வந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஐந்தாவது வரை யாரும் காத்திருக்கவில்லை. சட்டத்தை மறந்து நாலாவதிலேயே மண்டபம் முழுக்க இறங்கிவிட்டது. முடித்ததும் திரும்ப வாசி என்றார்கள். திரும்பத் திரும்ப வாசித்தோம். அந்த வசந்தம் முழுக்க லிஷ்டென்டாலில் பியானோ வைத்திருந்த வீடுகளிலெல்லாம் 'அடுப்பு திறக்கும் நேரம்' கேட்டது. அச்சாகி விற்ற பாட்டுத் தாளின் அட்டையில் மாஸ்டர் பெயர் கொட்டை எழுத்தில், கீழே ரொட்டிக்காரர் சங்கத்தின் பெயர். எங்கள் பெயர் எதற்கு இருக்கப்போகிறது.

இதோடு கயெத்தானின் பொறாமை தீர்ந்தது என்று நான் நினைத்தேன். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மூன்று பேரும் ஹெரிங் மீன் சாப்பிட உட்கார்ந்தோம். கயெத்தான் சாந்தமாக இருந்தான். தெருமுனைக் கடை ரொட்டியையே தின்றான். லோனி அடுக்களைப் பக்கம் எழுந்து போனாள். அவன் மீனை முள்ளெடுத்துக்கொண்டே கேட்டான்.

"பிளாசி, அவ சொன்னதைக் கேட்டல்ல."

"கேட்டேன். நீ குடுத்து வெச்சவன்."

"ரெண்டும் மூணும் நான்னு சொன்னா."

"ஆமா."

"அப்போ ஒண்ணு?"

எனக்கு உடனே புரியவில்லை. அவன் முள்ளைத் தட்டோரத்தில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கிலியனைப் பார்த்த அதே பார்வை.

"ஒவ்வொரு சுத்துலயும் அவ முதல் காலை எங்க வெக்கறா? உன் மேலதானே?"

"அடப்பாவி," என்றேன் நான். "பதினாறு கிலோ மரத்தைக் கட்டிக்கிட்டு அழற என்னைப் போயாடா?"

"சும்மா கேட்டேன்," என்றான். சும்மா கேட்கவில்லை.

அதிலிருந்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. என் ஞாயிற்றுக்கிழமை சூப் நின்றது. மேடையில் என்னை ஃப்ளூட் பக்கம் தள்ளி நிற்க வைக்கச் சொல்லி மாஸ்டரிடம் காதைக் கடித்தான். பாஸ் அந்தப் பக்கம் போனால் பேண்ட் கவிழ்ந்துவிடும் என்று மாஸ்டர் மறுத்துவிட்டார். லோனி ஆடும்போது கயெத்தான் என் விரலையே பார்ப்பான், நான் கொஞ்சம் அழுத்தி வைத்தால் போதும், "என்ன, இன்னிக்கு ரொம்பத்தான் அன்பா வெக்கற" என்பான். கிலியனோடு அவள் ஆடினால் கவலையே படமாட்டான். அவருக்குத் தலையாட்டி வணக்கம் கூடச் சொல்வான். தெருவில் லோனி எதிரே வந்து என்னிடம் நலம் விசாரித்தால் போதும், அடுத்த ஒத்திகையில் என்னோடு பேச்சு இருக்காது.

அது ஒரு மாதத்து வியாதி இல்லை, சாகும் வரை இருந்தது. நடுநடுவே சமாதானம் ஆவோம். இரண்டு கிளாஸ் மது குடித்தால் என் தோளில் கை போட்டு, "உன் ஒண்ணு இல்லேன்னா என் ரெண்டு எங்கடா நிக்கும்" என்பான். குடித்தது இறங்கியதும் கையை எடுத்துவிடுவான்.

எனக்கு இது எரிச்சல்தான். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடைக்கு வரும் முன் நான் கண்ணாடி பார்க்க ஆரம்பித்தேன். மீசைக்கு மெழுகு வாங்கினேன். என் வாத்தியத்துக்குப் புது நரம்பு போட்டேன், கேட்டால் பழசு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன்.

சிப்பித் தூள் அவன் நெஞ்சை அடைத்துவிட்டது. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அப்படித்தான் முடியும். கடைசி வாரம் பார்க்கப் போனேன். லோனி மருந்துக்குப் போயிருந்தாள். தலையணையைச் சரி செய்து உட்கார வைத்தேன். கை எலும்பும் தோலுமாக இருந்தது.

"நான் போனதுக்கப்புறம் அவ ஆடுவா," என்றான்.

"ஆடமாட்டா. சும்மா இரு."

"ஆடணும். அவ உக்காந்து பாத்து எனக்குப் பழக்கமில்ல." இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ரெண்டும் மூணும் எவனாவது வாசிப்பான். ஒண்ணு உன்கிட்ட இருக்கு. நீ எப்பவும் குடுத்து வெச்சவன்டா, பிளாசி."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அடுத்த ஃபாஷிங் காலத்தில் ரொட்டிக்காரர் விழா. மாஸ்டர் இரண்டாம் வயலினுக்கு இசைப் பள்ளியிலிருந்து ஒரு புதுப் பையனைக் கொண்டு வந்திருந்தார். சுத்தமான வாசிப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் குறை. லோனி கறுப்பு உடையில் வந்து ஓரத்தில் நின்றாள். துக்கத்தில் இருப்பவள், ஆடமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் புது வால்ட்ஸ் முடிந்த பிறகு, பழைய நினைவுக்காக 'அடுப்பு திறக்கும் நேரம்' வாசிக்கச் சொல்லிக் கிலியன் கேட்டார். நாலாவது வால்ட்ஸ் வந்தபோது அவள் கண்ணை மூடிக் கேட்டாள். நான் என் தட்டை என்னால் முடிந்தவரை நன்றாக வைத்தேன். அவள் கால் நுனி கூட அசையவில்லை.

இடைவேளையில் மேடைக்கு வந்து எனக்கு ஒரு கிராப்ஃபன் கொடுத்தாள்.

"அந்தப் பையன் நல்லாதான் வாசிக்கிறான்," என்றாள். "ஆனா அது இல்ல."

"ஆமா, இல்ல."

பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"லோனி, உனக்குத் தெரியுமா, கயெத்தானுக்கு என் மேல பொறாமை."

"உன் மேலயா?"

"அந்த ராத்திரிலேருந்து. ரெண்டும் மூணும் நான், ஒண்ணு பிளாசிதானே, அவ முதல் காலை அவன் மேலதானே வெக்கறான்னு. உயிர் போற வரைக்கும்."

அவள் முதலில் சிரித்தாள். கறுப்புத் துணியில் சர்க்கரைத் தூள் சிந்தியது. சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் வாத்தியத்தை மேலிருந்து கீழ் வரைக்கும் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தாள்.

"உண்மையைச் சொல்லட்டுமா பிளாசி? தப்பா எடுத்துக்காத. உன் ஒண்ணு எனக்குக் கேட்டதே இல்ல. அது தரைன்னு நினைச்சிட்டிருந்தேன்."

நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கிராப்ஃபனைத் தின்று முடித்தேன். இடைவேளை முடிந்து மாஸ்டர் வில்லைத் தூக்கியதும் மறுபடி தும், தும் என்று வைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு கயெத்தானைப் பார்க்கப் போனேன். அவனிடம் இதைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஒன்றுமில்லாததற்காக இத்தனை வருஷம் வயிறெரிந்தாயே, முட்டாள், அவளுக்கு நான் இருந்ததே தெரியாது, நிம்மதியாகத் தூங்கு என்று. காற்றில் திரி பிடிக்க நேரமாயிற்று. பிடித்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

சொல்லவில்லை. இந்த உலகத்தில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.